வீட்டு ஸ்டூடியோவுக்கு எந்த எலக்ட்ரிக் பியானோ ப்ளகின்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வீட்டிலேயே பாட்டு தயாரிக்கிறேன். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், 61 கீ மிடி கீபோர்டு (வாசிக்கும் சுரத்தையும் அழுத்தத்தையும் கணினிக்குத் தகவலாக அனுப்புவது), ஒரு ஹெட்ஃபோன் இருக்கிறது. எலக்ட்ரிக் பியானோ ஒலி தரும் ப்ளகின் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் சின்ன மென்பொருள்) தேவைப்படுகிறது. இலவசமாகக் கிடைத்ததைப் போட்டுப் பார்த்தால் பொம்மை வாத்தியம் மாதிரி கேட்கிறது. பெரிய சாம்பிள் லைப்ரரியாக (அசல் கருவியைப் பதிவு செய்த தொகுப்பு) வாங்குவதா, மாடலிங் வகையில் (ஒலியைக் கணக்கிட்டு உண்டாக்குவது) வாங்குவதா? அசலுக்குப் பக்கத்தில் வருவது எது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணினிக்கு மாடலிங் வகையில் ஒன்று போதும். எண்பதுகளின் கண்ணாடி மாதிரியான எஃப்எம் ஒலியும் (பின்னால் சொல்லும் யமஹா டிஎக்ஸ்7 வகை) வேண்டுமென்றால் டெக்ஸெட் என்ற இலவச ப்ளகினைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் காசை எடுக்கும் முன் உங்கள் கீபோர்டின் வெலாசிட்டி (கீயை எவ்வளவு அழுத்தித் தட்டினீர்கள் என்பதற்கான எண்) செட்டிங்கைப் பார்த்துவிடுங்கள். பொம்மைச் சத்தம் பலருக்கும் அங்கிருந்துதான் வருகிறது. ப்ளகினை மாற்றினாலும் அது கூடவே வரும்.

ஏன் என்று புரிய, அசல் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் பியானோ என்றதும் பெரும்பாலானவர்கள் மனதில் வருவது ரோட்ஸ். ஹரால்ட் ரோட்ஸ் என்ற அமெரிக்க பியானோ ஆசிரியர், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் காயம்பட்டுப் படுத்திருந்த வீரர்கள் மடியில் வைத்து வாசிப்பதற்காக, விமானத்தின் உதிரி அலுமினியக் குழாய்களை வெட்டிச் சின்ன பியானோக்கள் செய்தார். அந்த யோசனை வளர்ந்துதான் ஃபெண்டர் நிறுவனத்தோடு சேர்ந்து வந்த கருவிகள். ஸ்பீக்கர் பெட்டியோடு வந்த சூட்கேஸ் மாடல் 1965இல் வந்தது. கால்களில் நிற்கும், ஸ்பீக்கர் இல்லாத ஸ்டேஜ் மாடல் 1970இல் வந்தது.

ரோட்ஸில் தந்தி கிடையாது. ஒவ்வொரு கீக்கும் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி உண்டு. அதற்கு டைன் என்று பெயர். அதன் மேலே கனமான ஓர் உலோகப் பட்டை, டோன் பார். இரண்டும் சேர்ந்து, ஒரு கால் மெலிந்தும் ஒரு கால் தடித்தும் இருக்கும் ட்யூனிங் ஃபோர்க்காக அதிர்கின்றன. சுத்தியல் டைனைத் தட்டும். டைனின் நுனிக்கு எதிரே கிதாரில் இருப்பது போன்ற காந்தப் பிக்கப் இருக்கும். டைன் பிக்கப்பின் முனைக்கு முன்னால் மேலும் கீழுமாக ஆடும்போது மின்சார அலை உண்டாகிறது.

விஷயம் இருக்குமிடம் அந்த இடைவெளிதான். டைன் பிக்கப்பின் நடுவுக்கு நேராக நின்றால், ஒரு சுற்று ஆட்டத்தில் இரண்டு முறை காந்தத்தின் மையத்தைக் கடக்கிறது. அதனால் அடிப்படைச் சுரம் பலவீனமாகி, ஓர் ஆக்டேவ் மேலே உள்ள சுரம் தூக்கலாகக் கேட்கும். கொஞ்சம் மேலே தள்ளி வைத்தால் அடிப்படைச் சுரம் பலமாகி ஒலி உருண்டு திரண்டு வரும். மெதுவாகத் தொட்டால் டைன் கொஞ்சமாக ஆடும், ஒலி மணி மாதிரித் தெளிவாக இருக்கும். ஓங்கி அடித்தால் ஆட்டம் பெரிதாகி, பிக்கப் அதை ஒரு பக்கம் நசுக்கியே பதிவு செய்யும். அப்போது வரும் உறுமலைத்தான் கீபோர்டுக்காரர்கள் பார்க் (குரைப்பு) என்பார்கள். அதாவது அழுத்தம் கூடினால் சத்தம் மட்டும் கூடுவதில்லை, ஒலியின் குணமே மாறுகிறது. ஒரு எலக்ட்ரிக் பியானோ ப்ளகின் நல்லதா இல்லையா என்பதை நான் முடிவு செய்வது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். அழுத்தத்துக்கு ஏற்ப அந்தக் குணம் படியே தெரியாமல் மாறுகிறதா? உங்கள் விரலுக்கு அது கட்டுப்படுகிறதா? எத்தனை ஜிபி, எந்த ஆண்டு மாடல், எத்தனை ப்ரீசெட் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வுர்லிட்சர் என்ற இன்னொரு எலக்ட்ரிக் பியானோ வேறு ரகம். 1950களின் நடுவில் வந்த இதில் டைனுக்குப் பதிலாகத் தட்டையான எஃகு ரீடுகள். பிக்கப்பும் காந்தம் அல்ல. ரீடுக்கும் பக்கத்தில் இருக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே உயர் மின்னழுத்தம் கொடுத்து, ரீட் அசையும்போது மாறும் மின்தேக்கத்தை ஒலியாக்குகிறார்கள். ஒலியும் அதற்கேற்ப நடு அலைவரிசை தூக்கலாக, கொஞ்சம் மூக்கால் பேசுவது போல வரும். அழுத்தினால் சீக்கிரமே கரகரப்பு ஏறிவிடும். ரே சார்ல்ஸ் 1959இலேயே இதை மேடைக்கும் பதிவுக்கும் கொண்டுவந்துவிட்டார். அதிகம் கேட்டுப் பழகிய 200 மாடல் 1968இலும், அதன் திருத்தமான 200ஏ 1974இலும் வந்தன. வுர்லிட்சரின் நீட்சி 64 கீதான். உங்கள் 61 கீ கீபோர்டில் அது ஏறக்குறைய முழுசாக அடங்கிவிடும். ரோட்ஸுக்கு 73 அல்லது 88, ஆனால் பாட்டுக்குத் துணையாக வாசிக்க 61 தாராளம்.

எதை எங்கே போடுவது? பாட்டு மெதுவாக, இடைவெளி நிறைய விட்டு நகர்கிறது, கார்டுகள் நீண்டு நிற்க வேண்டும் என்றால் ரோட்ஸ். தாளத்தோடு ஒட்டி, சின்னச் சின்னக் குத்துகளாக வாசிக்கப் போகிறீர்கள், ட்ரம்ஸும் கிதாரும் கூட இருக்கின்றன என்றால் வுர்லிட்சர். ரோட்ஸின் ஒலி நீண்டு நின்று கீழ் நடுப்பகுதியை நிரப்பிவிடும். வுர்லிட்சர் சீக்கிரம் அடங்கி மற்றவர்களுக்கு இடம் விடும். இது சட்டம் இல்லை. ஆனால் மிக்ஸ் குழம்பி நிற்கும்போது ரோட்ஸை எடுத்துவிட்டு அதே மிடியை வுர்லிட்சருக்குக் கொடுத்துப் பாருங்கள். ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பதில்) அரை நாள் போராடித் தீராதது அதில் தீர்வதுண்டு.

மூன்றாவது, யமஹா டிஎக்ஸ்7. இது 1983இல் வந்த டிஜிட்டல் சின்தசைசர். சுத்தியலும் இல்லை, கம்பியும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் முறையில், ஒரு சைன் அலை இன்னொன்றின் அலைவரிசையை அசைத்து ஒலியை உண்டாக்குகிறது. இப்படி அலை உண்டாக்கும் ஆபரேட்டர் ஆறு, அவற்றை இணைக்கும் அல்காரிதம் 32. இதன் தொழிற்சாலைத் தொகுப்பில் 11ஆவதாக இருக்கும் இ.பியானோ 1 என்ற ஒலியைத் தெரியாதவர்கள் குறைவு. எண்பதுகளின் காதல் பாட்டுகளில் கண்ணாடி தட்டுவது போல ஒலிப்பது இந்த ரகம்தான். இதற்காகக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. டெக்ஸெட் அந்தக் கருவியின் கட்டமைப்பையே பின்பற்றுகிறது, பழைய டிஎக்ஸ்7 ஒலிக் கோப்புகளையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். கணினிக்கும் சுமை இல்லை.

மற்றவை வேண்டியபோது பார்த்துக்கொள்ளலாம். ஹோனர் கிளாவினெட் எலக்ட்ரிக் பியானோ வரிசையில் வைக்கப்பட்டாலும் நடத்தையில் கிதாருக்குச் சொந்தக்காரன். தந்தியை ரப்பர் முனை கீழே அழுத்திப் பிடிக்கிறது, கையை எடுத்ததும் நூல் சுற்றிய முனை அதிர்வை அடக்குகிறது. அசல் கருவியில், சுரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெய்ன் பெடலே கிடையாது. ஆகவே மிடியில் பெடலை மிதித்தபடி கிளாவினெட் வாசித்தால் போலி என்று உடனே தெரிந்துவிடும். ஹோனர் பியானெட் ரீடை ஒட்டி இழுத்து விடும் பட்டைகளால் ஒலிப்பது, அழுத்தத்துக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொல்லும். யமஹா சிபி-70 1976இல் வந்தது. அதில் உண்மையான தந்திகள், பியெசோ பிக்கப். அது மேடைக்கான கிராண்ட் பியானோ, தனிக் கதை.

சரி, சாம்பிளா மாடலிங்கா?

சாம்பிள் லைப்ரரி என்றால் யாரோ ஒருவர் நல்ல நிலையில் உள்ள ஒரு ரோட்ஸை எடுத்து, ஒவ்வொரு கீயையும் பல அழுத்தங்களில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் குறிப்பிட்ட கருவியின் மரம், தேய்ந்த சுத்தியல், கொஞ்சம் தளர்ந்த டைன், கையை எடுக்கும்போது அதிர்வை அடக்கும் டாம்பர் உட்காரும் சத்தம் எல்லாம் கூடவே வரும். முதல் கார்டிலேயே மனம் மயங்கும். ஆனால் அது பதிவு செய்யப்பட்ட கணங்களின் தொகுப்பு. எத்தனை வெலாசிட்டி லேயர் (ஓர் அழுத்தத்துக்கான பதிவு அடுக்கு) இருக்கிறதோ அத்தனை படிகள்தான். லேயர் குறைவாக இருந்தால், இந்த அழுத்தம் வரைக்கும் மணி, ஒரு புள்ளி தாண்டினால் திடீரென உறுமல் என்று வெட்டு விழும்.

இன்னொரு குறையும் உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. பெடலை மிதித்தபடி ஒரே சுரத்தை மறுபடி மறுபடி தட்டிப் பாருங்கள். அசல் கருவியில் இரண்டாவது தட்டு, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் டைன் மேல் விழுகிறது. அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது சுத்தியல் சந்தித்தது என்பதைப் பொறுத்து ஒலி கொஞ்சம் கூடும், கொஞ்சம் மங்கும். சாதாரண சாம்பிள் லைப்ரரியில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறி உட்காரும். ரவுண்ட் ராபின் என்று ஒரே சுரத்துக்கு மாற்றுப் பதிவுகள் வைத்திருந்தால் ஓரளவு சமாளிக்கும், அவ்வளவுதான்.

மாடலிங் ப்ளகின் பதிவு எதையும் வைத்துக்கொள்வதில்லை. டைன், சுத்தியல், பிக்கப் இவற்றின் நடத்தையைக் கணக்காக எழுதி, நீங்கள் வாசிக்கும்போதே ஒலியை உண்டாக்குகிறது. அதனால் 1 முதல் 127 வரை எந்த வெலாசிட்டிக்கும் தொடர்ச்சியான பதில் கிடைக்கும். பிக்கப்பின் தூரம், சுத்தியல் முனையின் கடினம், டோன் பாரின் அளவு என எல்லாவற்றையும் நீங்களே திருகலாம். டிஸ்க்கில் இடமும் கேட்காது. பியானோடெக் என்ற மாடலிங் ப்ளகின் முழுவதும் ஒரு ஜிபியில் சிறு பகுதிக்குள் அடங்கிவிடும். கீஸ்கேப் என்ற பெரிய சாம்பிள் தொகுப்போ முழுசாக நிறுவினால் சுமார் 77 ஜிபி. மாடலிங்கின் பலவீனம், சில ப்ளகின்களில் ஒலி அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பது. எல்லா கீயும் ஒரே வார்ப்பில் வரும். அசல் ரோட்ஸில் பக்கத்துப் பக்கத்து இரண்டு கீகள்கூட ஒரே மாதிரி இருக்காது. நல்ல மாடலிங் ப்ளகின்களில் கருவியின் வயதைக் கூட்ட ஒரு திருகு வைத்திருப்பார்கள். அதைப் பூஜ்யத்தில் விடாதீர்கள்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்கும். பாட்டில் எலக்ட்ரிக் பியானோ தனியாக, முன்னால் நின்று பேசப் போகிறது, கணினியிலும் இடம் இருக்கிறது என்றால் சாம்பிள். மற்ற எல்லாவற்றுக்கும், குறிப்பாக விரலின் அழுத்தத்தை நம்பி வாசிப்பவர்களுக்கு, மாடலிங்.

இப்போது கீபோர்டுக்கு வருவோம். உங்கள் ரெக்கார்டிங் மென்பொருளில் ஒரு மிடி ட்ராக்கைத் திறந்து பதிவை ஓட விடுங்கள். நடுவில் ஏதாவது ஒரு கீயை, ஒலியே வராதோ என்ற அளவுக்கு மெதுவாகத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு தட்டுகளில் படிப்படியாக ஓங்கிக்கொண்டே போங்கள். அப்புறம் பதிவான வெலாசிட்டிக் கோடுகளைப் பாருங்கள். முதல் தட்டே 50, 60இல் நின்று, மூன்றாவது நான்காவது தட்டிலேயே 120ஐத் தொட்டிருந்தால், உங்கள் கையில் இருக்கும் மொத்த நுட்பமும் ப்ளகினின் மேல்தட்டு லேயரில் மட்டும் விழுந்துகொண்டிருக்கிறது. எப்போதும் உறுமல், எப்போதும் ஒரே குணம். விலை குறைந்த, ஸ்பிரிங் வைத்த லேசான கீகளில் இது அடிக்கடி நடக்கும்.

கீபோர்டின் செட்டிங்கில் வெலாசிட்டி கர்வ் என்று இருக்கும். சாஃப்ட், நார்மல், ஹார்ட் என்று பெயர் வைத்திருப்பார்கள். எது எந்தப் பக்கம் வளைக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் பெயரை நம்பாமல் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். சாதாரணமாக வாசிக்கும்போது கோடுகள் 55க்கும் 85க்கும் நடுவே விழ வேண்டும், வேண்டுமென்றே ஓங்கினால் மட்டும் 110ஐத் தாண்ட வேண்டும். இதுதான் நான் வைக்கும் அளவு. கீபோர்டில் இந்த வசதி இல்லையென்றால் ப்ளகினுக்குள்ளேயே இருக்கும். பியானோடெக்கில் வெலாசிட்டி வளைவைப் புள்ளி வைத்து இழுத்தே வரையலாம்.

மவுஸால் சுரங்களை வரைபவர்களுக்கும் இதே நோய் வேறு வழியில் வரும். பல மென்பொருள்களில் வரைந்த சுரங்கள் எல்லாம் 100ஐ ஒட்டிய ஒரே வெலாசிட்டியில் விழும். கார்டின் மேல் சுரத்தை மட்டும் தூக்கி, நடுச் சுரங்களை 15, 20 குறைத்து, கார்டின் சுரங்கள் எல்லாம் ஒரே நொடியில் விழாமல் சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்தாலே அந்த இலவச ப்ளகின்கூடப் பேசத் தொடங்கிவிடும். எம்டிஏ இபியானோ என்று ஒரு சின்ன ஓபன் சோர்ஸ் ப்ளகின் உண்டு. மிகப் பழையது, கேட்டால் எளிமையாக இருக்கும். வெலாசிட்டியைச் சரியாகக் கொடுத்தால் பாட்டின் பின்னணியில் அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கீபோர்டு சரியான பிறகுதான் ப்ளகின்களை ஒப்பிட வேண்டும். நிறுவனங்களின் டெமோ பாட்டுகளைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அவற்றில் கோரஸ், ரிவெர்ப், கம்ப்ரெஸர் எல்லாம் ஏற்றி, கைதேர்ந்தவர் வாசித்திருப்பார். சோதனைப் பதிப்பை இறக்கி, முதல் வேலையாக எல்லா எஃபெக்டையும் அணைத்துவிடுங்கள். ஒரு கீயை மெதுவிலிருந்து ஓங்குவது வரை தட்டுங்கள், எங்காவது படி தெரிகிறதா என்று பாருங்கள். பெடலோடு ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். ஒரு கார்டைப் பிடித்துக் கையை மெதுவாக எடுங்கள், ஒலி கத்தரித்தது போல நிற்கிறதா, டாம்பர் தொட்டு அடங்குகிறதா என்று கேளுங்கள். அதற்கப்புறம் எல்லாவற்றையும் மோனோவுக்கு மாற்றுங்கள். ஸ்டேஜ் ரோட்ஸும் வுர்லிட்சரும் மோனோ கருவிகள். அகலமாகக் காட்டுவதற்காகச் செயற்கையாக விரித்த ஒலி, மோனோவில் குழிந்து போய்விடும். எஃபெக்ட் இல்லாமல், மோனோவில், ஐந்து நிமிடம் அலுக்காமல் வாசிக்க முடிகிறதா? அப்படியென்றால் அதை வாங்கலாம்.

எஃபெக்ட் தேவையில்லை என்று சொல்லவில்லை. எலக்ட்ரிக் பியானோவின் பாதி ஒலி அது நுழைந்து வெளியேறிய பெட்டிகளில்தான் இருக்கிறது. ஸ்டேஜ் ரோட்ஸைப் பெரும்பாலும் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் போன்ற கிதார் ஆம்ப்ளிஃபயரில் செருகித்தான் வாசித்தார்கள். நேர் லைனில் எடுத்த ஒலி கொஞ்சம் வறட்சியாக இருக்கிறது என்றால், ஒரு ஆம்ப் சிமுலேஷனை மிக லேசான ட்ரைவில் போட்டுப் பாருங்கள். எழுபதுகளின் ஒலிக்கு ஃபேசர், பின்னால் வந்ததற்குக் கோரஸ். எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 என்ற ஃபேசர் பெடல் 1974இலும், பாஸ் சிஇ-1 கோரஸ் 1976இலும் வந்தவை. இவற்றின் போலிகள் எல்லா மென்பொருளிலும் இருக்கும்.

ஒலியைச் சீராக ஆட்டும் ட்ரெமோலோ என்ற எஃபெக்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சூட்கேஸ் ரோட்ஸில் அது ஒலியை இடமும் வலமுமாக ஆட்டுகிறது. வுர்லிட்சரில் ஒலி அளவு மட்டும் மோனோவில் ஏறி இறங்கும், வேகத்தை மாற்ற முடியாது, நொடிக்கு ஐந்தாறு முறை. வுர்லிட்சர் ப்ளகினில் ட்ரெமோலோ ஸ்டீரியோவில் சுற்றினால் அது அழகாக இருக்கலாம், வுர்லிட்சராக இருக்காது. பாட்டின் வேகத்தோடு ட்ரெமோலோவைப் பூட்டும் வசதி எல்லாவற்றிலும் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. அசல் கருவிகளுக்கு டெம்போ என்று ஒன்று இருப்பதே தெரியாது. தாளத்திலிருந்து கொஞ்சம் நழுவி நழுவிச் செல்வதில்தான் அந்த மிதப்பு. இன்னொன்று, ட்ரெமோலோ கருவியின் ப்ரீஆம்பிலேயே இருக்கிறது, ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால். அந்த வரிசையில் வைத்தால் ஒலி ஏறும்போது ஆம்பின் கரகரப்பும் கூடும், இறங்கும்போது தெளியும். ஆம்புக்குப் பின்னால் வைத்தால் வெறும் சத்தம்தான் ஏறி இறங்கும். மாற்றி வைத்துக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மிக்ஸில் குழப்பம் வருவது பெரும்பாலும் ப்ளகினால் அல்ல, இடது கையால். பேஸ் கிதார் ஏற்கெனவே சி வாசித்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் கீழே சி, ஜி என்று பிடித்தால், ரோட்ஸின் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி சேறாகிவிடும். சி மேஜர் 9 வேண்டுமென்றால் சி-யை பேஸுக்கு விட்டுவிட்டு, கீபோர்டின் நடுப்பகுதியில் இ, ஜி, பி, டி மட்டும் பிடியுங்கள். கார்டு முழுசாகவே கேட்கும், இடமும் கிடைக்கும். இதற்கு மேலும் கனமாக இருந்தால் 100 ஹெர்ட்ஸை ஒட்டிக் கீழே வெட்டிவிடலாம். ப்ளகினில் இருக்கும் இயந்திரச் சத்தங்களை, அதாவது கீ அடிபடும் தட்டு, டாம்பர் சத்தம், வுர்லிட்சரின் இரைச்சல் இவற்றை, கருவி தனியாக வாசிக்கும் பாட்டில் விட்டு வையுங்கள். ட்ரம்ஸோடு சேர்ந்தால் குறைத்துவிடுங்கள், அங்கே அது வெறும் குப்பை.

பெயர் சொல்லிக் கேட்டால்: ரோட்ஸும் வுர்லிட்சரும் இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும், கணினி சாதாரணமானது என்றால் அப்ளைடு அக்கூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் லவுஞ்ச் லிசார்டு. வெகுகாலமாக இருக்கும் மாடலிங் ப்ளகின், லேசானது, பார்க் வரும் விதம் விரலுக்குக் கட்டுப்படும். நீங்கள் ஏபிள்டன் லைவ் ஸூட் வைத்திருந்தால் அதிலேயே இருக்கும் எலக்ட்ரிக் என்ற கருவி அதே நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் அதை முழுசாகத் திருகிப் பாருங்கள். லாஜிக் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு விண்டேஜ் எலக்ட்ரிக் பியானோவும் விண்டேஜ் கிளாவும் கூடவே வருகின்றன, வீட்டுத் தயாரிப்புக்குத் தாராளமாகப் போதும். ஆர்டூரியாவின் ஸ்டேஜ்-73 வி, வுர்லி வி இரண்டிலும் ஆம்பும் எஃபெக்ட் பெடல்களும் சேர்ந்தே கிடைப்பதால் வேறு எஃபெக்ட் ப்ளகின் இல்லாதவர்களுக்கு வசதி. அதே நிறுவனத்தின் அனலாக் லேப் சிறு பதிப்பு பல மிடி கீபோர்டுகளோடு இலவசமாக வருகிறது, உங்கள் கீபோர்டின் பெட்டியில் வந்த பதிவுச் சீட்டை ஒருமுறை தேடிப் பாருங்கள். வெலாசிட்டிக்கு மிக நுணுக்கமாகப் பதில் சொல்வது என்று பார்த்தால் என் கணக்கில் பியானோடெக்கின் எலக்ட்ரிக் பியானோ தொகுப்பு. குறை, சிலருக்கு அது அதிகச் சுத்தமாகப் படும்.

சாம்பிள் பக்கம் கீஸ்கேப்பின் ரோட்ஸை வெல்வது கஷ்டம். ஆனால் அது நிறைய கருவிகளை மொத்தமாகக் கட்டித் தரும் தொகுப்பு. உங்களுக்கு அதில் ஒன்றோ இரண்டோதான் வேண்டுமென்றால் மொத்தப் பணமும் அதற்குத்தான் போகிறது, 8 ஜிபி ராமிலும் மூச்சு வாங்கும். நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஸ்கார்பீ மார்க் ஒன், ஏ-200 இரண்டும் அளவில் அடக்கமானவை, ஒலியில் நேர்மையானவை. அதே நிறுவனத்தின் கான்டாக்ட் என்ற சாம்பிள் மென்பொருளில் ஓடும் லைப்ரரிகள் வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில லைப்ரரிகள் இலவச கான்டாக்ட் ப்ளேயரில் ஓடும், சிலவற்றுக்கு முழு கான்டாக்ட் வேண்டும். முழுப் பதிப்பு கேட்கும் லைப்ரரியை ப்ளேயரில் திறந்தால் 15 நிமிடத்தில் நின்றுவிடும். ரோட்ஸ் நிறுவனமே 2021இல் எம்கே8 என்ற புதிய கருவியோடு மீண்டு வந்து, பின்னர் வி8 என்ற ப்ளகினையும் வெளியிட்டது. பெயர் அசல் என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம், மேலே சொன்ன அதே சோதனையை அதற்கும் வையுங்கள்.

கணினி விஷயம் இரண்டு வரியில். வாசிக்கும்போது பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128இல் வைத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு பக்கத் தாமதம் சுமார் 3 மில்லிசெகண்ட், 512இல் கிட்டத்தட்ட 12. எலக்ட்ரிக் பியானோவில் 12ஐ விரல் உணர்ந்துவிடும், தாளமும் தளரும். விண்டோஸ் என்றால் ஆடியோ இண்டர்ஃபேஸின் சொந்த ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) பயன்படுத்துங்கள். சாம்பிள் லைப்ரரி எடுத்தால் அதை எஸ்எஸ்டியில் வையுங்கள், வாசித்து முடித்ததும் அந்த ட்ராக்கை ஃப்ரீஸ் செய்துவிட்டால் (ஒலிக் கோப்பாக மாற்றிவிட்டால்) ராம் பாரம் குறையும்.

சோதனைப் பதிப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் கையைக் கட்டும். பியானோடெக்கில் சில கீகள் ஒலிக்காது, ஒரு அமர்வு 20 நிமிடம்தான். ஆர்டூரியாவும் 20 நிமிடத்தில் நிற்கும். அதனால் முதலில் உங்கள் பாட்டு ஒன்றின் மிடியை, வெலாசிட்டி சரி செய்து, பேஸும் ட்ரம்ஸும் குரலும் உள்ள ப்ராஜெக்டில் தயாராக வைத்துவிட்டு, அதற்கப்புறம் சோதனைப் பதிப்பைத் திறங்கள். நேரம் ஓடும்போது ப்ரீசெட் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.